பெருவிரலுக்குக் கீழே ஒரு சிவப்பு

அடுப்பில் பால் பொங்குகிறது. அண்ணி சாப்பாட்டு மேஜையில் இன்சோல் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஷூவுக்குள் காலடியில் போடும் மெத்தைதான். பெருவிரலுக்கு நேர் கீழே பொத்தான் அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டு, ஷூவில் திணித்து, எழுந்து நாலு குதி குதிக்கிறார். முகம் சுளிக்கிறது. மறுபடியும் கத்தரிக்கோல். இந்த வருஷத்தில் இது ஒன்பதாவது ஜோடி. அவற்றில் ஒன்றை எடுத்து அண்ணன் பாத்திரம் தேய்த்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணிக்கு ரயில் நிலையத்தில் சீட்டு கொடுக்கும் வேலை. எட்டு மணி நேரம் கண்ணாடிக் கூண்டு. “அதுக்குள்ள அடங்கி உக்காரணும்னா காலைல அஞ்சு மைல் ஓடியாகணும் தம்பி. இல்லேன்னா வர்றவங்க மேலெல்லாம் எரிஞ்சு விழுவேன்” என்பார். ஓடாத ஒரு நாளில் நான் அந்தக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். சொந்தக் கொழுந்தன் என்றும் பார்க்கவில்லை. வீட்டில் டிவி பார்ப்பதுகூட நின்றுகொண்டுதான்.

வலி பொறுக்காமல் போனபோது பாத மருத்துவமனைக்குத் துணையாக நான் போனேன். அங்கே ஷூவுக்குள் மெல்லிய தாள் ஒன்றை வைத்து டிரெட்மில்லில் ஓடவிடுகிறார்கள். எதிரே திரையில் பாதம் வண்ணம் வண்ணமாகத் தெரியும். அழுத்தம் கூடிய இடம் சிவப்பு. பெருவிரலுக்குக் கீழே சிவப்பு வந்தால் எலும்பு விரிசல் விடப்போகிறது என்று அர்த்தம், மூன்று மாதம் ஓடவே கூடாது என்றார் டாக்டர்.

“மூணு மாசமா? என்னைக் கட்டித்தான் போடணும்!”

அப்போதுதான் அண்ணி அந்தக் காரியத்தைச் செய்தார். பெருவிரல் தரையில் படாமல், பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றிப் பூனை மாதிரி ஓடினார். பெருவிரல் பக்கம் பச்சைப்பசேல் என்று இருந்தது. வெளி ஓரத்தில்தான் பாரம் அதிகம் என்று நம்பி, அந்த ஓரத்தை உயர்த்தி ஓர் இன்சோல் செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு தன் வழக்கம்போல ஓடியதும், இருந்த பாரமெல்லாம் பெருவிரல் பக்கமே வந்து இறங்கியது. “செஞ்சவனுக்குத் தொழிலே தெரியல” என்று பத்து நாள் திட்டினார். பதினோராம் நாள் வலி தாங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று மறுபரிசோதனை. தாளை வைத்துவிட்டு, “போன தடவ ஓடின மாதிரியே ஓடுங்கக்கா” என்றாள் பரிசோதிக்கும் பெண்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“போன தடவ ஓடினது என் ஓட்டமில்லம்மா. இப்பப் பாரு.”

ஓடினார். தொம் தொம்மென்று முழுக் காலையும் பதித்து, அஞ்சு மைல்காரியாக ஓடினார். திரையில் பெருவிரலுக்குக் கீழே சிவப்பு பூத்தது. பூத்தது மறையவே இல்லை. அந்தப் பெண் டிரெட்மில்லை நிறுத்தும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

“போதும்கா. தெரிஞ்சிடுச்சு.”

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டே ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்: இன்னும் ஒரு நிமிஷம்.