மே மாதத்தில் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனவர்கள்

தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். முதலில் தெரியாமல்தான் செய்தேன். தெரிந்த பிறகு திருத்த மாட்டேன் என்று சொன்னேன். என் குற்றம் இவ்வளவுதான்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு ஹோட்டல். அறுபது அறை. மதுரையில் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் முடித்த கையோடு அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். பதினோரு பெண்கள் எனக்குக் கீழே. 'கீழே' என்பது காகிதத்தில். மெத்தை விரிப்பை ஒரே வீச்சில் சுருக்கமில்லாமல் விரிக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான், அதுவும் சிரித்துக்கொண்டே.

பதினோரு பேரில் நாலு பேர் மேல்மலைக்காரர்கள். டவுனுக்கும் மேலே, பூண்டிக்குப் பக்கத்தில் ஒரே ஊர். மற்ற மாதங்களில் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டுக் காலையில் வருவார்கள். சீசன் வந்துவிட்டால் அது கிடையாது. ஹோட்டலுக்குப் பின்னால் லாண்டரியை ஒட்டி ஒரு நீள அறை இருக்கிறது, அதற்கு டார்மிட்டரி என்று பெயர். மே மாதம் முழுக்க அங்கேதான் படுக்கை. டூட்டி ஐந்து மணிக்கு முடியும் என்று சார்ட்டில் இருக்கும். ஆள்தான் பின்னாலேயே இருக்கிறதே, ஏழு மணிக்கும் கூப்பிடலாம், எட்டு மணிக்கும் கூப்பிடலாம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் டூரிஸ்ட் வருவார்கள், டூரிஸ்ட் வந்தால் இவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. சொந்தப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற ஒரே மாதத்தில், சென்னைப் பிள்ளைகள் குதித்து விளையாடிய மெத்தைகளை இவர்கள் தட்டிப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. ஊழியர்களின் வேலையும் வாழ்க்கையும் சமநிலையில் இருக்கக் குழுத் தலைவர்கள் உதவ வேண்டுமாம். அதற்கு ஒரு மணி நேர வீடியோ வகுப்பு. நேரம், மாலை ஐந்தே கால். டூட்டி முடிந்த பிறகு! பதினோரு பேரையும் உட்கார வைத்தேன். திரையில் ஒரு பெண்மணி, ஏழு மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறக்காதீர்கள், உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்றார்.

"லேப்டாப்ப மூடணுமாம்டி," என்றார் எங்கள் சீனியர் அக்கா. நாலு மேல்மலைக்காரர்களில் மூத்தவர், பேச்சில் யாரையும் விட மாட்டார். "நாம எதை மூடுறது? பினாயில் டப்பாவையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒன்றைச் செய் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதை நிஜமாகவே செய்துவிடுவேன்.

செய்தேன். சீசனிலும் ஆளுக்கு வாரம் ஒரு நாள் லீவு என்று புது சார்ட் போட்டேன். புக்கிங்கைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமைதான் கூட்டம் குறைவு. மேல்மலைக்காரர்கள் போய் வரவே நேரம் ஆகும், அதனால் நாலு பேருக்கும் சேர்த்து அந்த நாளைக் கொடுத்தேன். திங்கள் சாயங்காலம் போனால் புதன் காலையில் வரலாம். எவ்வளவு அழகான கணக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, விரிப்பும் துண்டும் அடுக்கி வைக்கிற லினன் ரூம் கதவில் ஒட்டினேன்.

சீனியர் அக்கா சார்ட்டைப் பார்த்தபடி நின்றார்.

"செவ்வாக்கெழமையா பாப்பா? வர்ற செவ்வாயா?"

"ஆமாக்கா."

"பெறகு மாத்திர மாட்டீகளே?"

"நான் ஒட்டுனா ஒட்டுனதுதான்."

அவர் டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது பாடினார். அவர் பாடி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை காலை நாலு பேரும் சரியான நேரத்துக்கு வந்தார்கள். வந்ததும் அக்கா சொன்னார்: "பாப்பா, நேத்து ஊர்ல காப்புக் கட்டியாச்சு. நாங்க நாலு பேரும் ஊருக்குள்ளதான் இருந்தோம்."

எனக்குப் புரியவில்லை. நான் வளர்ந்தது கொடைக்கானல் டவுனில், சர்ச்சை ஒட்டின தெருவில். அக்கா விளக்கினார். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள், அன்றிலிருந்து எட்டு நாளைக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் சாயங்காலம் ஊர் திரும்பிவிட வேண்டும். வெளியூரில் சோலி இருப்பவர்கள் காப்புக் கட்டுவதற்கு முன்பே எல்லையைத் தாண்டிவிடுவார்கள். தாண்டியவர்களை அது கட்டுப்படுத்தாது.

"வருசா வருசம் அதுக்கு முன்னாடியே மேனேஜர் சார் ஜீப்ப அனுப்பிருவாரு, எங்களக் கூட்டியாற. இந்த வருசம் நீங்க அனுப்பி வச்சுட்டீக," என்றார் அக்கா. "எம் பிள்ள ஒண்ணாங்கிளாஸ் சேந்ததுலருந்து ஒரு திருவிழாவுக்கும் நான் இருந்ததில்ல. இப்ப ஒம்பது படிக்கா. இந்தத் தடவ மொத மொதல்ல முளைப்பாரி போட்ருக்கா. சாயங்காலம் சாயங்காலம் அதச் சுத்திக் கும்மி அடிப்பாக. எட்டு நாளும் நான் இருக்கணும் பாப்பா. இருப்பேன்."

மேனேஜருக்குப் பத்து நிமிடத்தில் தகவல் போய்விட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சீசனில் அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிய மாட்டார்கள், அறைகள்தான் தெரியும்.

"ஏம்மா, நீ கொடைக்கானல்காரிதானே? காப்புன்னா என்னன்னு தெரியாது? இல்ல, தெரிஞ்சே பண்ணுனயா?"

தெரியாது சார், மன்னிச்சுருங்க சார் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சின்னப் பிள்ளை, விவரம் போதாது என்று என்னை விட்டிருப்பார். அடுத்த வருஷம் ஜீப் ஒரு வாரம் முன்னதாகவே மேலே போயிருக்கும். அந்த ஜீப்பை நினைத்தேன். வாயிலிருந்து வந்துவிட்டது:

"தெரிஞ்சேதான் சார் பண்ணுனேன்."

சுத்தப் பொய். அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து அது பொய்யாக இல்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலையாகிவிட்டது.

நாலு பேரும் சாயங்கால பஸ்ஸில் போய் வர, புதன், வியாழன், வெள்ளி ஓடிவிட்டது. சனிக்கிழமைதான் மாட்டிக்கொண்டோம். ஒரு கல்யாண கோஷ்டி காலி செய்ய மதியம் மூன்று மணி ஆக்கிவிட்டது. அடுத்த கோஷ்டி ஆறு மணிக்கு வருகிறது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்பது அறை அப்படியே கிடந்தது. மேனேஜர் இரண்டாம் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"நாலு பேரும் இருக்கட்டும். வேலை முடியவும் ஜீப்ல அனுப்பிடறேன்."

"ஜீப்பு கெஸ்ட்டு கூடப் போயிருச்சுன்னா?" என்றார் அக்கா.

"வரும்னு சொல்றேன்ல?"

"முந்தாநாளு ஏர்போர்ட்டுக்குப் போன ஜீப்பு இன்னும் வரலீங்களே சார்."

மேனேஜர் முகம் சிவந்தது. "இப்பப் போறதா இருந்தா நாளைக்கு வர வேண்டாம்."

அக்கா கையில் பாதி மாட்டின தலையணை உறை. அவர் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ வேலை ஒரு பக்கம், ஊரில் காத்திருக்கிற மகள் ஒரு பக்கம். நான் கையை நீட்டித் தலையணையை வாங்கிக்கொண்டேன்.

"அஞ்சு மணி ஆகப் போகுதுக்கா, கிளம்புங்க. சார், இவங்களை அனுப்புறது நான். வர வேண்டாம்னா அதை எங்கிட்டச் சொல்லுங்க."

"பாப்பா..." என்றார் அக்கா.

"வெரசாப் போங்கக்கா. பஸ்ஸு போயிரும்."

நாலு பேரும் படிக்கட்டில் ஓடினார்கள். எனக்குள் அப்படி ஒரு பெருமிதம். அது ஒரு நிமிடம் நின்றிருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. டவுனில் குடியிருக்கிறவர், அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். என்னோடு அதிகம் பேசாத பெண்.

"எங்களுக்கு யாரு காப்புக் கட்டுறது?"

திரும்பினேன். மிச்சம் ஏழு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்குச் சாமி இருக்கு, போயிட்டாங்க. நான் பிள்ளைய பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். நாலு நாளா அவங்க சோலியையும் நாங்கதான் பாக்குறோம், எட்டு மணி வரைக்கும். இனி ஏலாது."

அறைந்தது போல இருந்தது. என் அழகான சார்ட்டில் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள், அந்தப் பாரத்தை ஏழு பேர் தலையில் ஏற்றியிருந்தேன். சாமி சொன்னால்தான் ஒரு பொம்பளை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றால், அப்புறம் சூப்பர்வைசர் என்று நான் எதற்கு?

"நீங்களும் போங்க," என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "ரூமை யாரு போடுவா? நீயா?"

"நானும்தான். நீங்களும்தான் சார்."

ரிசப்ஷனில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டேன். அக்கவுண்ட்ஸில் ஒருவர் தானாகவே வந்தார், வேடிக்கை பார்க்க வந்தவர் மாட்டிக்கொண்டார். கடைசியில் மேனேஜரும் கோட்டைக் கழற்றினார். வேறு வழி? ஒன்பது அறை. விரிப்பின் மூலையை மடிக்கத் தெரியாமல் மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துச் செருகினார்.

"சார், மடிப்பு கால்மாட்டுல வரணும்."

"தெரியும்மா."

"தலைமாட்டுல போட்டு வச்சிருக்கீங்க."

கோஷ்டி ஆறே காலுக்கு வந்தது. இரண்டு அறை தயாராகவில்லை, லாபியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மலை இடிந்து விழவில்லை. ஸ்டாஃப் பற்றாக்குறையா என்று ஒருவர் கேட்டார். "இல்லைங்க, அவங்க டூட்டி முடிஞ்சு போயிட்டாங்க," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பிஸ்கட் கேட்டார்.

திங்கட்கிழமை எனக்கு மெமோ. பதிலை ஒரே பக்கத்தில் எழுதினேன். தவறு நடந்தது உண்மை, ஏழு பேரை மறந்தது என் தவறு, ஐந்து மணிக்கு அனுப்பியது தவறு இல்லை, மறுபடியும் அனுப்புவேன். ஹெட் ஆபீஸ் மெயிலையும் கூடவே இணைத்தேன், குழுத் தலைவர்கள் உதவ வேண்டும் என்ற வரிக்கு அடியில் கோடு போட்டு. அதோடு புது சார்ட். சாயங்கால வேலைக்கு இரண்டு பேரை முறை வைத்து மதியம் வரச் சொல்வது, காலையில் வந்த ஒன்பது பேர் ஐந்து மணிக்குக் கிளம்புவது. பதினோரு பேரையும் உட்கார வைத்துக் கேட்டுத்தான் இந்தத் தடவை போட்டேன். நான் சொன்ன முறையை மூன்று இடத்தில் திருத்தினார்கள். சீனியர் அக்காவை நாளைக்கு வர வேண்டாம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை.

எட்டாம் நாளோடு அவர்கள் ஊரில் திருவிழா முடிந்தது. மறுநாள் காலை லினன் ரூம் கதவில் என் சார்ட் இல்லை. பழைய சீசன் சார்ட் இருந்தது, மேனேஜர் கையெழுத்தோடு. டார்மிட்டரியில் நாலு கட்டிலுக்கும் விரிப்பு போட்டிருந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து என் பதிலுக்கு ஒரு வரியும் வரவில்லை.

ஐந்து மணி ஆனது. காலையில் வந்த ஒன்பது பேரும் சேலை மாற்றிக்கொண்டு, டிபன் பாக்ஸும் பையுமாக முன்வாசல் வழியே வந்தார்கள். வழக்கமாகப் பின்வாசல் வழியாகத்தான் போவார்கள். மேனேஜர் ரிசப்ஷனை விட்டு எழுந்து வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும்? காப்புதான் அவுத்தாச்சுல்ல?"

"அவுத்தாச்சு சார்," என்றார் சீனியர் அக்கா. "அஞ்சு மணி ஆயிருச்சு. வீட்டுக்குப் போறோம்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மேல்மலை பஸ்ஸில் நாலு பேருக்கும் ஜன்னலோரம் கிடைத்ததாம்.