புடுங்க வராத சவுக்கு

வேப்பம் புண்ணாக்கு நாற்றம் இருக்கிறதே... சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டுப் போகாது. பந்தல்குடியில் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்குக் கால் நீட்ட இடம் எப்போதும் உண்டு.

காலேஜ் முடித்ததும் கிடைத்த முதல் வேலை அது. ரோட்டோரம் ஒரு நர்சரி. பச்சை நிழல்வலைக்குக் கீழே பாக்கெட் பாக்கெட்டாகச் சவுக்குக் கன்றுகள். பாக்கெட் மண்ணில் புண்ணாக்கு கலக்குவதும் உரத்தண்ணீர் ஊற்றுவதும் நானும் மேரியும். மேரிக்கு வாய் ஓயாது.

எங்கள் பக்கம் கன்று வாங்க வருகிறவர்கள் உயரத்தையும் பச்சையையும்தான் பார்ப்பார்கள். அதனால் லோடு ஏற்றுகிற வாரத்தில் யூரியாவைக் கரைத்து ஊற்றிவிடுவோம். கன்று மினுமினுவென்று நிற்கும். மானாவாரிக் காட்டில் நட்ட பிறகு அது என்ன பாடுபட்டது என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

எனக்கு ஒரு யோசனை. பச்சைப் பிள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் ஒரே அளவா சோறு போடுகிறோம்? ஓனரிடம் கேட்டு ஒரு பாத்தியை வாங்கிக்கொண்டேன்.

முளைத்த புதிதில் உரம் துளியூண்டு. கன்று வளர வளர அளவைக் கூட்டினேன். கடைசியில் நிழல்வலையை விலக்கி வெயில் காட்டினேன், தண்ணீரைக் குறைத்தேன்... உரத்தை மட்டும் விடவில்லை. காட்டுக்குப் போகும் முன்பே சத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு.

"என்னடி குட்டையா கெடக்கு? எங்க கோயில் கிறிஸ்துமஸ் குடில்ல வைக்கலாம், அம்புட்டுத்தான்" என்றாள் மேரி.

அந்த வருசம்தான் அப்பா, திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் காட்டில் சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்தார்.

"இந்த ஒரு தடவ சவுக்கு வச்சுப் பாக்குறேன் தாயி. இதுவும் காஞ்சா காட்ட வித்துருவேன்."

அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களையெடுத்த காடு அது. பிறகு பாடுபட்டு அதையே வாங்கினார்கள்.

நர்சரிக்கு வந்த அப்பா தேடித் தேடி நெட்டைக் கன்றாக எடுத்தார். என் பாத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, பாதிக் காட்டுக்கு என் கன்றுகளை ஏற்றிவிட்டேன்.

ஐப்பசி மழையில் நட்டோம். அதோடு போன மழைதான்... தை பிறப்பதற்குள் நெட்டைக் கன்றுகள் நுனி கருக ஆரம்பித்தன. பங்குனி வெயிலில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவ்வளவு பயம்.

ஒருநாள் அப்பாவிடமிருந்து போன். "தாயி, உடனே காட்டுக்கு வா." கட்டாகிவிட்டது. திருச்சுழி பஸ்ஸில் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

அப்பா என் குட்டைக் கன்று ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கே குட்டை? என் இடுப்புக்கு வந்திருந்தது.

"புடுங்கிப் பாரு" என்றார்.

இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன்... ம்ஹூம்.

அடுத்த வரிசையில் அவர் எடுத்த நெட்டைக் கன்றை இரண்டு விரலால் பிடித்தார். காய்ந்த குச்சியாக வேரோடு கையில் வந்துவிட்டது.

"நீ போட்ட சோறு வேருக்குப் போயிருக்கு தாயி. காடு நிக்கும்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வரிசை வரிசையாக ஓடி ஒவ்வொரு கன்றாக இழுத்துப் பார்த்தேன். அங்கிருந்தே மேரிக்குப் போன் போட்டேன். "ஏய், புடுங்க வரலடி" என்று கத்தியதில் அவள் பயந்தே போய்விட்டாள்.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். கையில் புண்ணாக்கு வாசம் இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த நாற்றத்துக்கு இப்போது ஏங்குகிறேன் என்றால் சிரிப்பீர்கள். மேரி மட்டும் டிசம்பர் வந்தால் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் மரம் வைக்க, கேலி செய்த அதே சவுக்கில் கொப்பு வெட்ட வந்துவிடுகிறாள்.

போன வாரம் காட்டை விலைக்குக் கேட்டு ஒரு புரோக்கர் வந்தாராம். அப்பா அவரை என் மரம் ஒன்றின் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திச் சொல்லியிருக்கிறார்:

"இதப் புடுங்கிக் காட்டுங்க... பத்திரம் எழுதித் தாரேன்."