சூசைநாதன் கழற்றிய கம்பி

வில்லியனூர்ப் பக்கம் மைக் செட் வைத்திருந்த சூசைநாதனுக்கு, எவ்வளவு சத்தம் வந்தாலும் போதாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் புதிதாக வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பிரித்தபோது ஒரு கம்பி கண்ணில் பட்டது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் கொஞ்சத்தை அது உள்ளே நுழையும் இடத்துக்கே திருப்பிவிட்டு, பெட்டியை அடக்கிவைக்கும் கம்பி.

“காசு குடுத்து வாங்கன சத்தத்த இது ஏன் கொறைக்கணும்?” என்று அதைக் கழற்றிவிட்டார். சத்தம் பல மடங்கு எகிறியது. கரகரப்பும் சேர்ந்துகொண்டது, அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்.

கம்பிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கரண்டு ஏறினாலும் இறங்கினாலும் சத்தம் அலைபாயாமல் அது பிடித்துவைக்கும். சூசைநாதனுக்கு அது தெரியவந்தது ஒரு கல்யாணப் பந்தலில்.

அன்று சுற்றியிருந்த கரும்புக் கொல்லைகளில் மோட்டார்கள் ஓடி, வோல்டேஜ் படுத்துக்கிடந்தது. பெட்டி முனகியது. சூசைநாதன் வால்யூமை முழுதாகத் திருகிவைத்து, மைக் பக்கத்திலேயே பந்தியில் உட்கார்ந்தார். விருந்துக்குக் கிளம்பிய கொல்லைக்காரர்கள் மோட்டாரை ஒவ்வொன்றாக நிறுத்த, வோல்டேஜ் ஏறிக்கொண்டே வந்ததை அவர் கவனிக்கவில்லை. கூட்டாளி வீரப்பனிடம் மெதுவாகத்தான் கேட்டார்:

“அந்தப் பச்சப் பொடவ யார்ரா? கொழம்பு வாளியத் தூக்கிகினு அது நடக்கறதப் பாத்தா எனக்குச் சோறே எறங்கலடா.”

தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதை ஊருக்கே சொன்னது.

பந்தி முழுக்கக் கை நின்றது. மாப்பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்தார். பச்சைப் புடவை வாளியை வைத்துவிட்டு நேராக மைக்குக்கு வந்தாள்.

“பச்சப் பொடவ பேரு லூசி. சோறு எறங்காதவங்க எழுந்துக்கலாம். அடுத்த பந்திக்கு ஆளுங்க நிக்கிறாங்க.”

அதுவும் கொல்லை தாண்டிக் கேட்டது. சிரிப்பில் பந்தல் ஆடியது. எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று சூசைநாதன் இன்னொரு தரம் சோறு வாங்கிக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் லூசியின் அப்பா அல்போன்ஸ் வந்து நின்றார். “இன்னாப்பா, ஊரக் கூட்டிச் சொல்லிட்ட. வூட்டுக்கு வந்து சொல்ல மாட்டியா?”

அன்று சாயங்காலமே சூசைநாதன் கம்பியைப் பழையபடி பற்றவைத்தார். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் அல்போன்ஸ் வீட்டுக்குப் போனார். அங்கே அவர் குரல் எதிரில் இருந்தவருக்கே கேட்கவில்லை. நல்லவேளை, லூசி சம்மதத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

தவக்காலம் முடிந்ததும் கல்யாணம். அதன் பிறகு அந்தப் பக்கத்து விசேஷங்களில் மைக்கில் பேசுவது லூசிதான். சூசைநாதன் குழாய் கட்ட மரம் ஏறுவார். இறங்கியதும் மைக்கிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்துகொள்வார்.