தொடாமல் விழுந்த கையெழுத்து

பேய், ஜாதகம், கம்பெனி தரும் பதவி உயர்வு வாக்குறுதி, இவற்றில் எதையும் நான் நம்பியவனில்லை. நம்பியது ஒன்றைத்தான், என் சாவிக்கொத்தில் தொங்கிய விரல்நக அளவு மின்சாவியை.

நாங்கள் எழுதும் புரோகிராமைப் பொதுவான இடத்தில் சேர்ப்பதற்கு கமிட் என்று பெயர். அதில் யாரும் யார் பெயரையும் போட்டுவிடலாம், என் பெயரில் நீங்களே போடலாம். அதனால் ஆபீஸில் நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். ஆளுக்கொரு சாவி, லேப்டாப்பில் செருகினால் விளக்கு மினுக்கும், விரலால் தொட்டால்தான் கையெழுத்து விழும், பெயருக்குப் பக்கத்தில் பச்சை முத்திரை வரும்.

போன வருஷம் எங்கள் பஸ் டிக்கெட் மென்பொருள் ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுக்க ஆரம்பித்தது. காரணமான கமிட்டில் பச்சை முத்திரையோடு ரேவதியின் பெயர். ஹெப்பகோடியிலிருந்து வருகிற பெண், வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"சார், அந்த நேரம் பஸ்ல நின்னுட்டு வந்துட்டிருந்தேன். லேப்டாப்பையே தொறக்கல."

"சாவி பொய் சொல்லாதும்மா" என்றேன், நானே அதைப் பெற்றெடுத்த மாதிரி. அவளை வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை எனக்கு மல்லேஸ்வரத்தில் முதுகு ஸ்கேன். உடம்பில் உலோகம் கூடாது என்பதால் சாவிக்கொத்து வெளியே மனைவியின் கைப்பையில், லேப்டாப் வீட்டில் அணைந்து கிடக்க, நான் அந்தக் குழாய்க்குள் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே வந்து போனைப் பார்த்தால் வரிசையாகப் பாராட்டு. நான் குழாய்க்குள் இருந்த நேரத்தில் யாரோ சீட் கோளாறைச் சரிசெய்து கமிட் போட்டிருக்கிறார்கள். யாரோ இல்லை, நான்தான். என் பெயர், என் சாவி, பச்சை முத்திரை. நம்பினால் நம்புங்கள், அவ்வளவு அழகான புரோகிராம் எனக்கு எழுத வராது. அதை வைத்தே மற்றவர்கள் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மேனேஜர் மஞ்சுநாத் போன் செய்து தன் கன்னடத் தமிழில் கேட்டார். "ஏன்ரீ, ஸ்கேனுன்னு லீவு போட்டுட்டு இந்த வேலையா? நீங்க போட்டதுதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சட்டம் போகும், ரேவதியின் வேலை பிழைக்கும்.

"ஆமா சார், மனசு கேக்கல" என்றேன். மனசு கேட்காததை அவர் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தது.

மறுநாள் ரேவதி ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், நேத்து உங்களுக்கு ஸ்கேன்னாங்க. அத நெஜமாவே நீங்கதான் போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"சரி சார். முதுக பாத்துக்கோங்க."

திட்டியிருந்தால் தேவலை. அவள் பை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு நிற்பதை நான் திரையைப் படிக்கிற பாவனையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தச் சாவி வீட்டில் கதவோரம் ஆணியில் தொங்குகிறது. எதிலும் செருகவில்லை, அதற்குள் பேட்டரியும் கிடையாது. ஆனால் வருகிறவர்களிடம் அந்தக் கமிட் நான் போட்டதுதான் என்று சொல்லும்போதெல்லாம் அதன் விளக்கு மினுக்குகிறது. பிரமை என்றுதான் நினைத்திருந்தேன். போன ஞாயிறு மச்சானிடம் அந்தப் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அது மினுக்குதே. தொடணுமா?"

ஸ்கேன் அன்றைக்குச் சாவி கிடந்த கைப்பை அவளிடம்தான் இருந்தது, நான் அதைத் தொடவில்லை என்று அவளுக்குத் தெரியும். நான் இன்னும் தொடவில்லை. தொட்டால் எதன் கீழே என் கையெழுத்து விழும் என்று தெரியவில்லை.