எருமைக்கு மூன்று கால்

போன வாரம் குத்துவிளக்கு தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. மனைவிக்குக் கைவலி. பவுடர் தீர்ந்துபோயிருந்ததால் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். விளக்கு பளிச்சென்று ஆகிவிட்டது. கையில்தான் புளிப்பும் பித்தளையும் கலந்த அந்த நெடி தங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தவன் கையை முகர்ந்துகொண்டே இருந்தேன். "சோத்தப் பிசையாம என்ன யோசன?" என்றாள். எருமையை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் என்ன நினைப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

எருமை என்பது எங்கள் பேண்டு செட்டின் பெரிய பேஸ் குழல். எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். ஷிப்டு இல்லாத நேரத்தில் கல்யாணங்களுக்குக் கிளாரினெட் வாசிக்கப் போவேன். வாசிப்பேன் என்பதுகூடக் கொஞ்சம் மிகைதான். மேலே போகும்போதெல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி கீச்சிடும். செட்டு மாஸ்டர் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தக் கீச்சையெல்லாம் அமுக்கிக் காப்பாற்றியது முத்தையா அண்ணனின் எருமைதான். அண்டா வாய், உடம்பெல்லாம் சுருட்டி வைத்த பித்தளைக் குழாய். அவர் அதைத் தோள்வாரில் மாட்டிக்கொண்டு ஊதினால் பந்தக்கால் அதிரும். சனிக்கிழமைதோறும் அதற்குப் புளிக்குளியல். எனக்கும் அதில் பங்கு உண்டு.

மில்லில் அண்ணன் பஞ்சுப்பொதி தூக்குகிறவர். பொதியைத் தூக்கியோ எருமையைச் சுமந்தோ, அடிவயிற்றில் குடல் இறங்கிவிட்டது. எங்கள் பக்கம் 'இரண்யா' என்பார்கள். மதுரையில் ஆபரேசன் நடந்தது. "உடம்பு தேறுனதும் ஊதலாம். கனமா எதையும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில்லில் அவரை வாசல் காவல் வேலைக்கு மாற்றினார்கள். செட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. மாஸ்டர் சங்கரன்கோவிலிலிருந்து வேறொருவரைக் கூட்டிவந்து எருமையைக் கொடுத்தார். அண்ணன் கைக்கு ஜால்ரா வந்தது.

அதே சிவப்புக் கோட்டு, அதே தொப்பி, கடைசி வரிசையில் ஜிங் ஜிங். ஆனால் பேஸ் வருகிற இடத்தில் அவர் கன்னம் உப்பும். என்னால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது.

ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் அவர் வீட்டுக்காரி பேச்சியம்மா மதினி என்னைப் பிடித்துக்கொண்டாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்ப்பவள்.

"தம்பி, சோறு திங்கையிலயும் அவிய உதட்டக் குவிச்சுக்கிட்டே இருக்காவ. டாக்டரு தூக்கத்தான வேண்டாங்காரு? தூக்காம ஊதுறதுக்கு ஒரு வழி பண்ணுங்களேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எருமையை இரவல் வாங்கிவந்து, அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் அண்ணனும் பட்டறை போட்டோம். முதலில் செய்தது மர முக்காலி. எருமையை ஏற்றியதும் மூன்று கால்களும் மூன்று திசைக்குப் போய்விட்டன. எருமை கீழே விழாமலிருக்க நான் குறுக்கே பாய்ந்தேன். என் முழங்கால் தோல் பெயர்ந்தது. அண்ணன் முதலில் எருமையைத் தடவிப் பார்த்தார். நசுங்கவில்லை என்று தெரிந்த பொறவுதான், "ஒனக்கு ஒண்ணுமில்லையேலே?" என்றார்.

அடுத்தது இரும்பு. பழைய சைக்கிளின் முன்சக்கரக் கவையான போர்க்கைத் தலைகீழாக நிறுத்தி, மூன்று குழாய்க் கால்களை வெல்டிங் வைத்து, எருமை உட்காரக் கீழே ஒரு பலகையும் பொருத்தினோம். மேலே தாங்கிப்பிடிக்கப் போர்க்கு சரியாக இருந்தது. அடியில் பலகையில்தான் எருமை நிற்கவில்லை. உருண்டைக் குழாயாயிற்றே, ஆடிக்கொண்டே இருந்தது. மதினி செத்த நேரம் பார்த்தாள். "குடத்த வெறுந்தலையிலயா வைக்கோம்?" என்று பேண்டேஜ் துணியை முறுக்கிச் சும்மாடு கட்டிப் பலகையில் வைத்தாள். எருமை உட்கார்ந்துவிட்டது. அண்ணன் ஸ்டூலில் அமர்ந்து வாயைப் பொருத்தி ஊதினார். கூரையிலிருந்த புறாக்கள் அம்புட்டும் கிளம்பிப் போயின. மதினி விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

ஊர்வலத்தில் நடக்க வேண்டுமே என்று, காயலான் கடையில் பால்பேரிங் வாங்கி சக்கரமும் மாட்டினோம். மாஸ்டர் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு முன்னால ஐஸ் வண்டியா தள்ளச் சொல்லுத?" என்றார். அதோடு சரி. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்தன்று சங்கரன்கோவில்காரர் வரவில்லை. மாஸ்டருக்கு வேறு வழியில்லை. நான் கிளாரினெட்டை வைத்துவிட்டு வண்டி தள்ளினேன். அன்றைக்குத் தனக்கு இரட்டை நிம்மதி என்று மாஸ்டர் பின்னால் சொன்னார்.

ரதவீதியில் பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். சாக்கடை மூடிக்கல் இடுக்கில் சக்கரம் சிக்கி ஒடிந்தது. ஊர்வலம் நிற்கவில்லை. மாப்பிள்ளை கார் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நான் வண்டியைத் தூக்கக் குனிந்தேன். "விடுலே, பாட்டு நிக்கக் கூடாது" என்று அண்ணன் நடுத்தெருவில் மண்டிபோட்டு ஊத ஆரம்பித்தார். முன்னால் செட்டு தேய்ந்துகொண்டே போக, இங்கே பேஸ் மட்டும் தனியே. ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது மாஸ்டர் திரும்பினார். ஊதிக்கொண்டே கையை ஆட்டினார். செட்டு முழுக்கத் திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தது. "நல்ல நேரம் போகுதுய்யா!" என்று மாப்பிள்ளையின் அப்பா கத்தினார். மாஸ்டர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அண்ணனைச் சுற்றி வட்டமாக நின்று பாட்டை முடித்தார்கள். மாப்பிள்ளை காரிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, இன்னொண்ணு!" என்றார்.

சோடா குடிக்கும்போது மாஸ்டர் சொன்னார்: "முத்தையா, நீ நடக்க வேண்டாம். மண்டபத்து வாசல்ல உக்காந்துக்க. நாங்க ஒங்கிட்ட வாரோம்."

அதுவே எங்கள் செட்டின் வழக்கமாயிற்று. ஏதோ புது நாகரிகம் என்று சிலர் அதற்காகவே எங்களைக் கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளின் பாதிவரை அப்படி ஓடியது. பிறகு கீபோர்டும் ஆளுயர ஸ்பீக்கரும் வந்தன, செட்டு கலைந்தது. எருமை யாரிடம் போயிற்றோ தெரியாது. முக்காலியில் மதினி வெகுகாலம் தண்ணீர்க்குடம் வைத்திருந்தாள். அண்ணன் போய்ச் சேர்ந்ததும் அவள் மகளோடு திருப்பூர் போய்விட்டாள்.

அந்த நாட்களில் ஊர்வலத்தில் கால் ஓயும் நேரம், கடைசித் தெருமுனைக்கு வருவோம். மண்டபம் இன்னும் கண்ணில் படாது. அதற்குள் பேஸ் சத்தம் முன்னால் வந்து எங்கள் காலடியைப் பிடித்துக்கொள்ளும். கீச்சிட்ட கிளாரினெட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒழுங்குக்கு வரும். இப்போதும் கல்யாணங்களுக்குப் போகிறேன். தெருமுனை திரும்பும்போது கால் தானாக ஒரு கணம் தயங்குகிறது. அங்கே யாரும் எங்களுக்காக உட்கார்ந்திருப்பதில்லை.