ரேடியேட்டருக்குள் போன கிணற்றுத் தண்ணீர்

வாகன ஒப்பந்தத்தின் ஒன்பதாவது நிபந்தனை இது: வாடகைக்கு அமர்த்திய கார் பணியின்போது பழுதடைந்தால், ஒப்பந்ததாரர் இரண்டு மணி நேரத்துக்குள் மாற்று வாகனம் அனுப்ப வேண்டும், தவறினால் அபராதம். அதை எழுதியவள் நான்தான். வேலூரில் நிலத்தடி நீரைச் சோதிக்கும் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தேன். இரண்டு மணி நேரம் என்று எழுதினேனே தவிர, அது யாருடைய கடிகாரத்தின்படி என்று எழுதத் தவறிவிட்டேன்.

1. முதல் கேன்

ஆம்பூர் பக்கம் முனிரத்தினம் என்ற விவசாயிக்கு ஒரு கிணறு, கொஞ்சம் தென்னை, இரண்டு கறவை மாடுகள். பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு கிணற்றில் இறங்குகிறது என்பது அவருடைய புகார்.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குது மேடம். தண்ணிய வெளியில வாங்கி எத்தினி நாளைக்கு ஊத்தறது? இப்டியே போனா வித்துட்டு உக்கார வேண்டியதுதான்" என்றார்.

புகார்தாரர், தொழிற்சாலைக்காரர் இருவர் முன்னிலையிலும் தண்ணீர் எடுக்க வேண்டும். கேனை மூடி, நூல் சுற்றி, அரக்குச் சீல் வைத்து, இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தொழிற்சாலை மேனேஜரைக் கிணற்றடிக்கு வரவழைக்கவே மூன்று நோட்டீஸ் ஆயிற்று. அந்த மாசி மாதக் காலையில் எல்லாம் முறைப்படி முடிந்தது. காரில் ஏறினேன்.

நான்கு கிலோமீட்டர் போவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் ஏழுமலை இறங்கிப் பார்த்தார். "ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சிருக்கு மேடம். போன வாரமே ஓனரான்ட சொன்னேன்."

சாலையைத் தாண்டி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று ஒப்பந்ததாரரை அழைத்தேன்.

"வண்டி அனுப்பிட்டேன் மேடம், வந்துனே கீது" என்றார். நான் எங்கே நிற்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

திரும்பி வந்தபோது ஏழுமலை ஹோஸைத் துணியால் கட்டி முடித்திருந்தார். கையில் காலிக் கேன்.

"இன்னா பண்ணீங்க ஏழுமலை?" அவர் பேச்சு எனக்கும் வந்துவிட்டது.

"தண்ணி ஊத்தனேன் மேடம். பொட்டியில ஜில்லுனு இருந்துச்சு."

"அது சீல் வச்ச கேன்."

"சீலை ஒண்ணும் பண்ணல மேடம். பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து அரக்குக் கட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். ஊற்றிய தண்ணீர் அவர் கட்டிய துணி வழியாகத் தார்ச்சாலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

2. இரண்டாவது கேன்

முனிரத்தினத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். காலிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் குடம், நிறைய கிணற்றுத் தண்ணீர்.

"புடிச்சே கொணாந்துட்டேன் மேடம்."

என் கண்முன் எடுக்காத தண்ணீர் செல்லாது என்றேன். என்னை ஒரு முறை பார்த்தார். குடத்தைச் சாலையோரம் கவிழ்த்தார். "ஏறுங்க" என்றார்.

ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். மேனேஜர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார்.

"காலைலதானே மேடம் கையெழுத்து போட்டேன்? தினம் எத்தினி வாட்டி போடறது?"

"காலை நோட்டீஸ் இன்று முழுக்கச் செல்லும். மறுத்தால், மறுத்தார் என்று எழுதிக்கொள்கிறேன்."

போட்டார். வேலூர் பஸ்ஸில் நடத்துநர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"மீனுங்களா மேடம்?"

"தண்ணீர்."

"தண்ணிக்கா இவ்ளோ ஐஸு?"

ஆய்வகம் மூடுவதற்குள் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை ஒப்பந்ததாரரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "வண்டி எங்க வரணும் மேடம்?"

3. நினைவூட்டுகள்

அறிக்கை வந்தது. கால்நடைக்குக்கூட ஆகாத தண்ணீர். கழிவை நிறுத்தவும், முனிரத்தினத்துக்கு லாரித் தண்ணீர் கொடுக்கவும் தொழிற்சாலைக்கு ஆணை தயாரானது.

தொழிற்சாலை ஆட்சேபித்தது. ஒரே நாள், ஒரே கிணறு, தண்ணீர் மாதிரிக்கு மட்டும் இரண்டு எண்கள். முதல் மாதிரி எங்கே? ரேடியேட்டரில் ஊற்றப்பட்டது என்று கோப்பில் எழுதினேன். மேலதிகாரி அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். ஏழுமலை நம் ஊழியர் அல்ல; ஒப்பந்ததாரர் எழுத்துமூலம் உறுதிசெய்யும்வரை ஆணையை நிறுத்தி வைக்கச் சொன்னார்.

கடிதம் எழுதினேன். நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று எழுதினேன். ஒவ்வொன்றும் "ஒன்பதாவது நிபந்தனையின்படி" என்றே தொடங்கியது. பதில் இல்லை. திங்கள்தோறும் முனிரத்தினம் வந்து, "இன்னா மேடம், வந்துச்சா?" என்று கேட்பார். ஆனியில் ஒரு திங்கள் கேட்காமலே பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மாட்டை விற்றுவிட்டாராம்.

விஷயத்தை உடைத்துச் சொன்னவர் ஏழுமலை. "ஒம்போதுன்னு பாத்தாலே ஓனரு கவரை அப்டியே டிராயர்ல போட்டுடறாரு மேடம். வண்டி நின்னுச்சுன்னு எழுதிக் குடுத்தா ஃபைன் போடுவீங்கன்னு அவருக்கு பேஜாரு. உங்களுக்கு ஃபைன் வேணுமா, லெட்டர் வேணுமா?"

எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அதுதான் என் தவறு. அபராதத்துக்கு வேறு கோப்பு உண்டு; இந்தக் கோப்பில் காத்திருந்தவர் முனிரத்தினம். நான்காவது கடிதத்தில் நிபந்தனை எதையும் எழுதவில்லை. கேனிலிருந்த தண்ணீரை உங்கள் டிரைவர் ரேடியேட்டரில் ஊற்றினாரா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் கேட்டேன்.

இளைய அலுவலர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: பதில் தேவைப்படும் கடிதத்தில் மிரட்டலைச் சேர்க்காதீர்கள். மிரட்டலுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள், பிறகு.

ஒப்பந்ததாரர் ஆம் என்று எழுதியிருந்தார். அதோடு, அந்தத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்றும், அதனால்தான் ரேடியேட்டர் பாழானது என்றும், அதற்கு எங்கள் அலுவலகமே பொறுப்பு என்றும் புகார் செய்திருந்தார். ஒரு வரி விடாமல் அப்படியே கோப்பில் சேர்த்தேன். சாயங்காலமே ஆணை கையெழுத்தானது. முனிரத்தினத்தை அழைத்துச் சொன்னேன். இரண்டாவது மாடு சனிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டது என்றார். பதில் வந்த நாள் ஆடிப் பதினெட்டு.