கை கேட்ட மனிதர்

முந்தின வருஷம், மாரி தொடங்குகிற நேரம். திருகோணமலையில் எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் பக்கம். கொழும்புக் கோச்சியில் போவதற்காக என் கணவரை ஆட்டோவில் ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போன பின்னேரம் அது.

ஸ்டேஷனில் அப்போது திருத்த வேலை. அதை வேலை என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. பிளாட்போமை உடைத்துப் போட்டார்கள், சல்லியைக் கொட்டினார்கள், தகரம் அடித்து மறைத்தார்கள், அதோடு சரி. கேட்டால் "அடுத்த மாசம் முடிஞ்சிடும்" என்பார்கள். எந்த வருஷத்து அடுத்த மாசமோ! சனமெல்லாம் கீழே சல்லியில் நின்று, தொங்கித்தான் பெட்டியில் ஏற வேண்டும். ஏலாதவர்களுக்காக ஆட்டோக்காரர்கள் வண்டியிலேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருப்பது எங்கள் ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

என் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். வயிற்றில் கட்டி வந்து ஆள் பாதியாகிவிட்டார். பஸ் குலுக்கலை அவருடைய வயிறு தாங்காது, கோச்சிதான் ஒரே வழி. கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு இரண்டு முறை நாள் தந்தும் போகவில்லை. "பிளாட்போம் முடியட்டும், போவம்" என்பார். பயம் ஒரு பக்கம், நாலு பேர் பார்க்கத் தன்னைத் தூக்கி ஏற்றுவார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம். இந்த முறையும் தவறவிட்டால் பிறகு வந்து பலனில்லை என்று டொக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆட்டோக்காரத் தம்பி ஸ்டூலைக் கொண்டுவந்து பெட்டிக்குக் கீழே வைத்தார். அதைக் கண்டதும் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஸ்டூல் போட்டு ஏற நான் என்ன கிழவனோ? நான் வரேல்ல. வீட்ட போவம்."

சொன்னவர் அப்படியே சல்லிக் குவியலில் குந்திவிட்டார். கெஞ்சினேன், ஏசினேன். ஆள் அசையவில்லை. கோச்சி ஒருமுறை கூவியும் விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது பக்கத்தில் நின்ற ஒருவர் இவரிடம் வந்தார். தலையில் தொப்பி, நாற்பது வயதிருக்கும், கிண்ணியா ஆள் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, எனக்கு முழங்கால் ஏலாது. ஸ்டூல்ல நிண்டாலும் மேல இருந்து ஆராவது கையப் புடிச்சி இழுக்கணும். நீங்க முதல்ல ஏறி எனக்கு ஒரு கை தாறீங்களா?"

இவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மெல்ல எழும்பினார். ஸ்டூலில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க ஏறினார். அந்த மனிதரும் நானும் பின்னால் தாங்கியதை அவர் கவனிக்கவேயில்லை. மேலே நின்று கையை நீட்டி, "வாங்கோ தம்பி, பயப்படாதீங்கோ" என்று அவரை இழுத்தார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

கந்தளாயில் கோச்சி நின்றபோது இவர் கண்ணயர்ந்திருந்தார். அந்த மனிதர் வெற்றுப் போத்தலோடு இறங்கி, தண்ணீர் பிடிக்கப் போனார். கோச்சி நகரத் தொடங்கிய பிறகு ஓடிவந்து ஒரே தாவலில் ஏறினார். நான் பார்ப்பதைக் கண்டதும் சிரித்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

ஒப்பரேஷன் நடந்தது. ஆனாலும் நோய் விடவில்லை. சித்திரை வரைதான் இருந்தார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் படுக்கையில் கிடந்தபடி ஒரே கதைதான்: "ஏலாத ஒரு மனிசன், நான்தான் கை குடுத்து ஏத்தினனான்."

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த சொந்தக்காரரிடம் என் மகன் அதையே பெருமையாகச் சொன்னான். "உண்மையோ?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். "ஓம்" என்றேன்.

பெயர்கூடக் கேட்டு வைக்காத அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கண் நிறைந்துவிடும். என் கணவரைக் கடைசியாக ஒருமுறை பழைய ஆளாக எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான்.